பெயர்த்து நட்ட குடல்



உடலின் உறுப்புகளைப் பற்றிப் பேசப் புகுந்தால், இதயத்திற்குக் கிடைக்கும் மரியாதை குடலுக்குக் கிடைப்பதில்லை. கவிஞர்கள் இதயத்தைப் பாடினார்கள். அறிஞர்கள் மூளையை வியந்தார்கள். குடலையோ நாம் பசித்தபோதும் வலித்தபோதும் மட்டுமே நினைக்கிறோம். ஆனால், ஒருவர் உடலிலிருந்து எடுத்து மற்றொருவர் உடலில் வைத்துப் பிழைக்கச் செய்வதற்கு அரிய உறுப்புகள் எவை என்று அறுவைச் சிகிச்சை நிபுணர்களைக் கேட்டால், சிறுகுடலை அவர்கள் முன்வரிசையில் வைப்பார்கள். சிறுநீரகத்தைக் காட்டிலும், கல்லீரலைக் காட்டிலும், ஏன், இதயத்தைக் காட்டிலும் கூட அதிகக் கவலையோடு கையாள வேண்டிய உறுப்பு அது. இரத்த ஓட்டம் சில மணி நேரம் தடைப்பட்டால் குடல் என்ன ஆகிறது, அந்தச் சேதத்திலிருந்து அதைக் காப்பதற்கு என்ன செய்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், குடலை மாற்ற வேண்டிய நிலை எவருக்கு வருகிறது என்று பார்ப்போம். மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குழாய். அது வயிற்றினுள் ஒரு மெல்லிய சவ்வில் தொங்குகிறது. அந்தச் சவ்வினூடே தான் அதற்குரிய இரத்தக் குழாய்கள் செல்கின்றன. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தத் தொங்கல் சரியாக அமைவதில்லை. அவ்வாறாயின் குடல் தன்னைத் தானே சுற்றி முறுக்கிக்கொள்கிறது. குழாய்கள் நெரிபட்டு இரத்தம் நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்குக் குடலின் பெருந்தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. உரிய காலத்தில் மருத்துவரிடம் வந்து சேராவிட்டால், கறுத்துப்போன குடலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வயது வந்த ஒருவருக்கு 2 மீட்டருக்கும் குறைவாகவே சிறுகுடல் எஞ்சுமானால், அவர் வாயால் எவ்வளவு உண்டாலும் அது உடலில் சேர்வது கடினமாகிவிடும்.

அத்தகையவர்களுக்கு உணவை இரத்த நாளத்தின் வழியாகவே செலுத்தும் முறையை 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்னும் மருத்துவர் வகுத்தார். முதலில் நாய்க்குட்டிகளை அவ்வாறு வளர்த்துக் காட்டினார். பிறகு 1968இல் ஒரு குழந்தையின் வரலாற்றை வெளியிட்டார். எத்தனையோ உயிர்களை அந்த முறை காத்திருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதை நம்பி வாழ்வோருக்கு, குழாய் செருகிய இடத்தின் வழியே கிருமிகள் இரத்தத்தில் புகுவதும், கல்லீரல் கெடுவதும், செருகுவதற்கு நாளங்களே இல்லாமல் போவதும் உண்டு. செலவோ எளிய குடும்பங்கள் தாங்கக்கூடியதன்று. இந்த முட்டுச்சந்தில் நிற்பவர்களுக்குத் தான் மாற்றுக் குடல் தேவைப்படுகிறது.

நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். பறித்த நாற்றுக்கும் நட்ட நாற்றுக்கும் இடையே வேர் நீரின்றி நிற்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரம் நீளக்கூடாது என்பது உழவர் அனைவரும் அறிந்ததே. உறுப்பு மாற்றத்திலும் அத்தகைய ஓர் இடைவேளை உண்டு. தானம் செய்தவரின் உடலில் இரத்தக் குழாயைக் கட்டிய கணத்திலிருந்து, பெறுபவரின் உடலில் புதிய இணைப்பு முடிந்து இரத்தம் பாயும் கணம் வரை, அந்த உறுப்பு உலகில் எவருக்கும் உரியதாக இல்லை. இந்த இடைவேளையின் கதையைத்தான் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இரத்தக் குழாய்களைக் கசிவின்றித் தைத்து இணைக்கும் கலையை உலகுக்குக் கற்பித்தவர் அலெக்ஸிஸ் காரல் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதற்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1959இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு லில்லிஹை என்பவரும் அவருடைய தோழர்களும் நாயின் சிறுகுடலை முழுமையாக வெளியே எடுத்து, குளிர்ந்த உப்புநீரில் சில மணி நேரம் வைத்திருந்து, மீண்டும் அதே நாயின் உடலில் பொருத்தி, அது பிழைத்திருப்பதைக் காட்டினார்கள். குளிர் குடலைக் காக்கும் என்பதற்கு அது தெளிவான சான்று. ஆனால் 1960களில் மனிதரிடம் செய்த முயற்சிகள் யாவும் தோற்றன. பிறர் உறுப்பை உடல் பகையாகக் கருதித் தாக்குவதே அதற்கு முதற் காரணம். அந்தப் பகையை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வந்த பிறகு, 1988ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியிலும் கனடாவிலும் பிரான்சிலும் முதல் வெற்றிகள் கிட்டின. பின்னர் ஜப்பான் நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ் என்ற இன்னும் வலிய மருந்து கிடைத்தது. அதுவே இன்றைய குடல் மாற்றச் சிகிச்சைக்கு அடித்தளம். இத்தனைக்கும் பின்பு, பொருத்திய குடல்களில் ஏறத்தாழ பாதிதான் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வேலை செய்கின்றன. உடலின் எதிர்ப்பு அதற்குப் பெருங்காரணம் என்றாலும், நாம் பேசும் இடைவேளையில் நேரும் காயமும் அதில் பங்கு கொள்கிறது.

குடல் மட்டும் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது? இதற்கு விடை, எங்கள் காட்டூர்ப் பக்கத்து மீனவப் பெண்களுக்கு ஒரு வகையில் தெரியும். பழவேற்காட்டு ஏரியில் பிடித்த மடவை மீனை ஏலத்தில் எடுக்குமுன் அவர்கள் செவுளைத் திறந்து நிறம் பார்ப்பார்கள். உடனே விரல் வயிற்றுப் பக்கம் போய்விடும். வயிறு கெட்டியாக இருந்தால் நல்ல மீன். முதுகுச் சதை உறுதியாக இருந்தும் வயிறு நைந்திருந்தால் அது காலம் கடந்த மீன். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீனில் முதலில் கெடுவது வயிறே. செத்த மீனின் குடலில் இருக்கும் செரிமானச் சாறுகள் உணவையும் குடற்சுவரையும் வேறுபடுத்தி அறிய மாட்டா. காவல் இழந்த சுவரையே அவை செரிக்கத் தொடங்குகின்றன. அங்கே குடியிருக்கும் கிருமிகளும் சேர்ந்துகொள்கின்றன. மனிதக் குடலுக்கும் இந்த இரு பகைவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் உட்புறம் தூய்மையானது.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. குடலின் உட்புறச் சுவர் வழவழப்பானதன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள எண்ணற்ற விரல்கள் போன்ற நீட்சிகளால் அது வெல்வெட்டுத் துணிபோல் அமைந்திருக்கிறது. இவற்றைக் குடல் உறிஞ்சிகள் என்று உங்கள் பாடநூல் கூறும். (இவற்றை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு பரப்பு வரும் என்று பழைய நூல்கள் எழுதின. 2014இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் மீண்டும் அளந்து பார்த்து, செரிமானப் பாதை முழுவதற்கும் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் தான் என்றார்கள். அதுவும் குறைந்ததன்று, ஒரு வகுப்பறையின் தரையளவு இருக்கும்.) ஒவ்வோர் உறிஞ்சியின் நடுவிலும் ஒரு சிறு தமனி மேலேறுகிறது, நுனியில் கிளைத்து, பக்கவாட்டில் கீழிறங்கி, நாளத்தில் சேர்கிறது. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் மிக நெருக்கமாக இருப்பதால், பிராணவாயுவில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமலே அடிப்பகுதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறது. ஆகவே நலமாக இருக்கும் காலத்திலேயே உறிஞ்சியின் நுனி பிராணவாயுப் பற்றாக்குறையோடு தான் வாழ்கிறது. வாய்க்காலின் கடைமடை வயல் என்று சொல்லுங்கள். மடையை அடைத்தால் முதலில் வாடுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தம் நின்ற குடலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். 1970இல் சியூ என்பவரும் தோழர்களும் நாயின் குடலைக் கொண்டு சேதத்தைச் சுழியிலிருந்து ஐந்து வரை படிகளாக வகுத்தனர். முதலில் உறிஞ்சியின் நுனியில் மேலுறை சற்றே தூக்கிக்கொள்கிறது, சுண்ணாம்பு உரியும் சுவர்போல. பிறகு பக்கங்களிலும் பெயர்கிறது. பிறகு நுனிகள் மொட்டையாகின்றன. கடைசிப் படியில் உறிஞ்சிகளே இல்லை. புண் மட்டும் இருக்கிறது. குடல் மாற்ற ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் இன்றும் அந்தப் படிக்கணக்கைக் கையாளுகிறார்கள்.

இனி, இன்றைய பேச்சின் மையத்திற்கு வருகிறேன். பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோன ஆண்டுகள் பல. அவ்வாறு தூர்ந்தால் ஏரிக்குள் கடல்நீர் வந்து போவது நின்றுவிடும். இறாலும் மீனும் குறையும். படகுகள் கடலுக்குப் போக முடியாது. மணலைத் தோண்டி வாயைத் திறந்துவிட்டால் அலை ஏறியிறங்கும், ஏரி உயிர் பெறும். எங்கள் ஊரார் அனைவரும் அறிந்த உண்மை இது. குடலும் அவ்வாறே இருக்கும் என்று தான் மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. இரத்தம் நிற்பது தீமை, இரத்தம் திரும்புவது நன்மை என்பதில் ஐயம் கொள்ள என்ன இருக்கிறது?

1986இல் அமெரிக்காவில் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் பூனையின் குடலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவில் இரத்த ஓட்டத்தை 4 மணி நேரம் குறைத்து வைத்தார்கள். மற்றொரு பிரிவில் 3 மணி நேரம் குறைத்து வைத்து, நான்காவது மணி நேரத்தில் இரத்தத்தைத் திறந்துவிட்டார்கள். எதற்கு அதிகக் கேடு? ஒரு மணி நேரம் முன்னதாகவே இரத்தம் பெற்ற குடல் தேறியிருக்க வேண்டும் அன்றோ? அதுவே மிகவும் அதிகமாகச் சிதைந்திருந்தது. பட்டினியில் பட்ட காயத்தைக் காட்டிலும், விருந்தில் பட்ட காயம் பெரிது!

இதன் இரசாயனத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரணுவின் நாணயம் ஏடிபி என்னும் பொருள். பிராணவாயு இல்லாதபோது அதை மீண்டும் உண்டாக்க முடியாமல் உயிரணு செலவு மட்டுமே செய்கிறது. செலவான ஏடிபி படிப்படியாகச் சிதைந்து ஹைபோசாந்தைன் என்ற பொருளாகக் குவிகிறது. அதே வேளையில் அதைச் சிதைக்கும் நொதி ஒன்றும் உருமாறி, பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும் புதிய குணம் பெற்றுக் காத்திருக்கிறது. விறகும் குவிந்தாயிற்று, தீக்குச்சியும் ஆயத்தம். இல்லாதது காற்று ஒன்றே. இரத்தம் திரும்பும்போது அந்தக் காற்றும் வந்து சேர்கிறது. சூப்பர் ஆக்சைடு முதலிய கொடிய பிராணவாயு வடிவங்கள் ஒரே சமயத்தில் வெடித்தெழுந்து உயிரணுச் சவ்வுகளைச் சுடுகின்றன. அந்தக் காயத்தின் வாடையை நுகர்ந்து வெள்ளணுக்கள் படையாகத் திரண்டு வந்து, நுண்குழாய்களை அடைத்துக்கொண்டு, தம் பங்குக்கும் சேதம் விளைக்கின்றன. மெக்கார்டும் கிரேஞ்சரும் பிறரும் சேர்ந்து இந்தக் கருத்தை 1981இல் வெளியிட்டபோது, அவர்கள் சோதித்ததும் பூனையின் குடலைத்தான். பின்னர் இதயம், மூளை, சிறுநீரகம் அனைத்திலும் இதே நிகழ்ச்சி பேசப்பட்டது. இந்தப் பாடத்தை மருத்துவத்திற்குக் கற்பித்ததில் குடலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைக் கவனியுங்கள்.

பெயர்த்து நட்ட குடலில் இது நேர்ந்தால் விளைவு உறிஞ்சிகளோடு நிற்பதில்லை. மேலுறை பெயர்ந்த சுவர் வழியே கிருமிகளும் அவற்றின் நஞ்சும் இரத்தத்தில் கலக்கின்றன. நோயாளியோ உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து உண்டவர்; கோட்டைக் காவலரை மருத்துவரே உறங்க வைத்திருக்கிறார். மருந்தைக் குறைத்தால் குடலை உடல் தாக்கும். குறைக்காவிட்டால் கிருமி தாக்கும். காயம்பட்ட குடல் எதிர்ப்புப் படையின் கண்ணில் விரைவில் படுவதும் உண்டு. ஆகவே அந்தச் சில மணி நேரத்தில் செய்யும் காவல், பின்னர் பல மாதங்களின் போக்கைத் தீர்மானிக்கக்கூடியது.

காவலின் முதற் கருவி குளிர். குளிரில் உயிரணுவின் செலவு குறைகிறது; 4 பாகை சென்டிகிரேடு அளவில் அது வழக்கமான செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் உறையவிடக்கூடாது. உறைந்தால் பனிப் படிகங்களே உயிரணுக்களைக் கிழித்துவிடும். ஐஸ் பெட்டியில் மீனை அடுக்குவோர் ஐஸோடு சிறிது நீரும் கலந்து வைத்தால் குளிர் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும் என்று அறிவார்கள். உறுப்பையும் அவ்வாறே குளிர்ந்த திரவம் நிறைந்த பையில் இட்டு, அதை மேலும் பைகளில் இட்டு, பனிக்கட்டிக்கு நடுவே வைக்கிறார்கள். பனிக்கட்டி நேரே உறுப்பைத் தொடுவதில்லை.

அந்தத் திரவம் வெறும் உப்புநீரா? லில்லிஹை காலத்தில் அப்படித்தான். குளிரில் உயிரணுவின் உப்பு இறைக்கும் பொறிகளும் நின்றுபோவதால், வெளியுப்பும் நீரும் உள்ளே புகுந்து உயிரணு வீங்குகிறது என்பது தெரிந்த பிறகு, 1980களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுத்தார்டு என்னும் இருவர் ஒரு புதிய கலவையை ஆக்கினர். உயிரணுவுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளைக் கரைத்து வீக்கத்தைத் தடுத்தார்கள். பொட்டாசியத்தை மிகுத்தார்கள். அத்துடன் அல்லோபியூரினால் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். ஊளைச்சதைக்கும் ஊர்வம்புக்கும் வைத்தியம் சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் அந்த மருந்தின் பெயர் தெரிந்திருக்கும். மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கீல்வாதத்திற்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது அதுவே. நாம் முன்பு கண்ட அந்தத் தீக்குச்சி நொதியைத் தடுப்பது அதன் வேலை. இந்தக் கலவை கல்லீரலுக்கும் கணையத்திற்கும் சிறுநீரகத்திற்கும் காலக்கெடுவை நன்றாக நீட்டிக் கொடுத்தது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு மேலும் தாங்குகிறது. குடலுக்கு மட்டும் அந்த அளவு நன்மை கிட்டவில்லை. அதை ஏழெட்டு மணி நேரத்திற்குள், இயன்றால் அதற்கும் முன்பே, பொருத்திவிட வேண்டும் என்றே நிபுணர்கள் விரும்புகிறார்கள்.

ஆகவே இரண்டாவது காவல் காலம். இதில் நம் மாநிலத்தின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. மூளைச்சாவை மரணமாக ஏற்று உறுப்புத் தானத்திற்கு வழிவகுத்த சட்டம் 1994இல் இந்தியாவில் வந்தது. எனினும் தமிழ் மக்களின் மனத்தில் அது பதிந்தது 2008 செப்டம்பரில். சென்னைக்கு அருகே விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுச் சிறுவனின் பெற்றோர், இருவருமே மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைத் தர முன்வந்தார்கள். அவனது இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, போலீசார் போக்குவரத்தை ஒதுக்கிக் கொடுக்க, 11 நிமிடங்களில் சென்று சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. வேறு நாளில் அந்தச் சாலையைக் கடந்தவர்களுக்கு அந்த 11 நிமிடத்தின் பொருள் விளங்கும். அதே ஆண்டில் அரசு வகுத்த ஒழுங்குமுறைகள் வளர்ந்து, பின்னர் மாநில உறுப்பு மாற்று ஆணையமாக அமைந்தன. உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

குடலுக்கு இந்தக் காவல் இன்னும் முன்பே தொடங்குகிறது. மூளைச்சாவு அடைந்தவரின் இரத்த அழுத்தம் தாழும்போது அதை உயர்த்தும் மருந்துகளைச் செலுத்துவார்கள். அம்மருந்துகள் பிற உறுப்புகளைக் காக்கும்பொருட்டுக் குடலின் குழாய்களைச் சுருக்கிவிடக்கூடியவை. ஆபத்துக் காலத்தில் உடல் முதலில் கைவிடுவது குடலைத்தான். மருந்தும் அந்த வழியையே பின்பற்றுகிறது. ஆகையால் அந்த மருந்து அதிகம் தேவைப்பட்டவரின் குடலை எடுப்பதற்கு நிபுணர்கள் தயங்குவார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்விழித்துத் துளிக்கணக்குப் பார்க்கும் செவிலியரும், எங்கோ ஒருவர் வாயால் உண்பதற்கு உதவுகிறார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இடைவேளையைக் குறைக்க மற்றொரு வழி, உயிரோடிருக்கும் உறவினரின் குடலில் ஒரு பகுதியைப் பெறுவது. சென்னை ரேலா மருத்துவமனையில், குடல் முறுக்கிக் கெட்டுப்போன நான்கு வயதுச் சிறுவனுக்கு அவனுடைய தந்தையின் சிறுகுடலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இத்தகைய சிகிச்சையில் எடுப்பதும் பொருத்துவதும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரக் கணக்கில் நடத்தலாம். சாலையும் விமானமும் இடையே வாரா. தானம் கொடுப்பவருக்குப் போதிய குடல் எஞ்ச வேண்டும் என்ற எல்லை அதற்கு உண்டு.

இனி ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு வியப்பான செய்தி. இரத்தத் தடையைத் தாங்குவதற்கு உறுப்பைப் பயிற்றுவிக்க முடியுமா? 1986இல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்போர் நாயின் இதயக் குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறப்பதாக நான்கு முறை செய்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பயிற்சி பெற்ற இதயத்தில் கெட்ட பகுதி, பயிற்சி பெறாததில் கெட்டதன் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. எலிகளின் குடலிலும் இத்தகைய முன்பயிற்சி பயன் தந்தது. பிறகு ஓர் உறுப்புக்குக் கொடுத்த பயிற்சி வேறோர் உறுப்பையும் காக்கிறது என்று கண்டார்கள். அப்படியானால் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கித் தளர்த்தினாலே போதுமே! மருந்தில்லை, செலவில்லை. உலகமெங்கும் ஆவல் பிறந்தது. 2015இல் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிடம், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவரைக் கொண்டு, இரண்டு பெரிய சோதனைகள் செய்து பார்த்தார்கள். பயன் ஒன்றும் காணவில்லை.

இதைக் கேட்டு ஏமாற்றம் கொள்ளாதீர்கள். இளமையும் நலமும் வாய்ந்த சோதனை விலங்கில் பலித்தது, முதுமையும் நோயும் பல மருந்துகளும் சேர்ந்த மனிதரில் பலிக்காமல் போவது விஞ்ஞானத்தில் அடிக்கடி நிகழ்வது. பத்திரிகையில் ‘குடல் காக்கும் புதுமருந்து’ என்று தலைப்பைக் கண்டால், அது எலிக்கா மனிதருக்கா என்று இரண்டாம் பத்தியில் தேடிப் பாருங்கள். பிராணவாயு நஞ்சை முறிக்கும் பொருள்கள் எத்தனையோ எலியைக் காத்தன. அவற்றுள் மிகச் சிலவே நோயாளியின் படுக்கை வரை வந்தன.

எனக்கு அதிக நம்பிக்கை அளிப்பது வேறொரு வழி. இதுகாறும் குடலைப் பிற உறுப்புகளைப் போலவே எண்ணி, இரத்தக் குழாய் வழியாகக் குளிர்ந்த கலவையைச் செலுத்தி வந்தார்கள். குடல் ஒரு குழாயன்றோ? அதற்கு உட்புறம் என்று ஒன்று இருக்கிறது. மீனின் வயிற்றைப் பற்றிச் சொன்னேனே, பகைவர்கள் இருப்பது அங்கே தான். அந்த உட்புறத்தைக் கவனிப்பார் இல்லை. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் அமினோ அமிலங்கள் செறிந்த கரைசலை உட்புறத்தில் நிரப்பிப் பார்த்தார்கள். குடலின் மேலுறை குளுட்டமைன் என்னும் அமினோ அமிலத்தைத் தன் எரிபொருளாகக் கொள்கிறது. குளிரிலும் அதற்குச் சிறிது உணவு கிடைத்தது. ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகரில் பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருள் சேர்ந்த கரைசலை நிரப்பி, மேலுறை நுனியில் தூக்கிக்கொள்வது தாமதப்படுவதைக் கண்டார்கள். கலிபோர்னியாவில் வேறு சிலர், செரிமான நொதிகளைத் தடுக்கும் மருந்தைக் குடலுக்குள்ளேயே இட்டு, அதிர்ச்சியுற்ற எலிகளின் குடற்சுவர் தன்னைத் தானே செரிப்பதைத் தடுத்துக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். குடலை அசைவற்ற பையில் இடாமல், குளிர்ந்த திரவத்தை இரத்தக் குழாய் வழியாகவும் குடலின் உட்புற வழியாகவும் இடைவிடாமல் ஓட்டும் கையடக்கப் பொறி ஒன்றை அமைத்தார்கள். தானமாக வந்து எவருக்கும் பொருத்த இயலாமற்போன மனிதக் குடல்களில் அதைச் சோதித்தபோது, பையில் வைத்த பகுதியைக் காட்டிலும் ஓட்டத்தில் வைத்த பகுதி மேலாக இருந்தது. அந்தப் பொறியை வடிவமைத்தவர்களுள் இளங்கலை மாணவர்களும் இருந்தார்கள் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும். எங்கும் வழக்கத்திற்கு வந்துவிட்ட முறை அன்று இது. எனினும் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கிறது.

இறுதியாக, அறுவை அறையில் அந்தக் கணம். தமனியும் நாளமும் தைத்தாயிற்று. பிடிகளைத் திறக்குமுன் மயக்க மருந்து நிபுணருக்குச் சொல்கிறார்கள்; தேங்கிய பொட்டாசியமும் அமிலமும் இதயத்தை நோக்கி ஒரே வீச்சில் வருமாகையால் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். பிடி திறக்கிறது. வெளிறிக் கிடந்த குடல் இளஞ்சிவப்பு நிறம் கொள்கிறது. சற்று நேரத்தில் அது புழுப்போல் நெளியத் தொடங்குகிறது. அறையில் இருப்பவர்களுக்கு அது அழகான காட்சி என்பார்கள். ஆயினும் பார்க்ஸும் கிரேஞ்சரும் சொன்ன விருந்தின் காயம் அந்த வேளையில் தான் தொடங்குகிறது. வெளிநிறத்தைக் கொண்டு உள்ளே நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

அதனால் நிபுணர்கள் குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல் ஒரு சிறு வாயிலாக வெளியே கொணர்ந்து வைக்கிறார்கள். முதல் வாரங்களில் அதன் வழியே மெல்லிய நோக்குக் கருவியை அடிக்கடி செலுத்தி உட்சுவரைப் பார்க்கிறார்கள். கடுகளவு திசுவைக் கிள்ளி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். நுனிகள் மொட்டையாகியிருந்தாலும், உறிஞ்சிகளின் அடியிலுள்ள குழிகளில் மூல உயிரணுக்கள் பிழைத்திருந்தால் போதும். நலமான குடலில் மேலுறை முழுவதும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் புதிதாகிவிடும்; அவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு நம் உடலில் அரிது. குழியிலிருந்து புதிய உயிரணுக்கள் மேலேறி, உரிந்த சுவரைப் போர்த்துகின்றன. வெல்வெட்டு மீண்டும் தோன்றியதைக் கண்ட பிறகு, நாளத்தின் வழியே சென்ற உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நோயாளிக்கு வாய்வழியே சில கரண்டி நீராகாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள்.